அந்தரத்தில் ஒரு பெட்டி

வரப்போகும் துறைமுகத்துக்குக் கிரேன் ஓட்டத்தான் ஆள் நிறைய வேண்டியிருக்கும் என்று கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். பயிற்சி தொடங்கிவிட்டது, கிரேன்தான் இன்னும் வரவில்லை. பயிற்சிக்குப் போய்வரும் சுயம்பு, மாலையில் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இல்லாத லீவர்களை இழுத்து, இல்லாத சரக்குப் பெட்டியைத் தூக்கிப் பழகினான். தூக்குவது நன்றாகவே வந்தது. இறக்கும்போதுதான் ஒவ்வொரு முறையும் தொப்பென்று போட்டுவிடுவான். மனைவி ராஜகனி காதைப் பொத்திக்கொள்வாள். அன்று தெருவில் யாரோ கூப்பிட, பெட்டியைப் பாதி உயரத்தில் விட்டுவிட்டு எழுந்து போனான். "அந்தரத்துல தொங்க விட்டுட்டு எங்க போறீங்க?" என்று அவள் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. கொடியில் துணி எடுக்க முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். பால்காரரைச் சுவரோரமாக வரச் சொன்னாள். அவரும் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒதுங்கியே வந்தார். வெயில் தாழ்ந்தும் சுயம்புவைக் காணோம். ராஜகனி நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளினாள். பெட்டி இறங்கியது. அடியில் காய்ந்துகொண்டிருந்த வடகம் ஒன்றுகூட நொறுங்கவில்லை. நிமிர்ந்தால், வாசலில் சுயம்பு. எப்போது வந்தானோ, இன்னும் மெதுவாக என்று அவளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். பிறகு பெட்டியைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்தான். "நாளைக்கு நீயும் வா, கனி."