முப்பத்தாறும் பதினொன்றும்

அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசி எழுபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இடையில் தூது போய்ப் போய் மகளுக்குத்தான் வாய் வலித்தது.

அன்று மாலை அவள் சாப்பாட்டு மேசையில் கணக்கு நோட்டை விரித்தாள்.

“அப்பா, x² + 11x + 36. இதைக் காரணிப்படுத்தணும். பெருக்கினா முப்பத்தாறு, கூட்டினா பதினொண்ணு வர்ற மாதிரி ரெண்டு எண் வேணும்.”

“இவ்வளவுதானா? நாலும் ஒன்பதும்.”

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நாலும் ஒன்பதும் பதிமூணுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.”

“அப்போ ஆறும் ஆறும்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

“அது பன்னிரண்டு. ஒண்ணு அதிகம்” என்று கையைத் துடைத்துக்கொண்டே அம்மா வெளியே வந்தாள்.

“ஒண்ணுதானே, விட்டுக்கொடுத்தா என்ன?” என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்த்தே.

“விட்டுக்கொடுக்கிறது உங்க வீட்டுல யாருக்குத் தெரியும்? தள்ளி உக்காருங்க.”

பென்சில் கை மாறிக்கொண்டே இருந்தது. மூன்றும் பன்னிரண்டும் சரிவரவில்லை. இரண்டும் பதினெட்டும் சரிவரவில்லை. மைனஸ் போட்டும் பார்த்தார்கள். பக்கம் நிறைந்துவிட்டது.

“உங்களுக்கு பாஸ் போட்ட வாத்தியாரைப் பாக்கணும்” என்றாள் அம்மா.

“அவர்தானே உனக்கும் போட்டார்?”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் கணக்கு நோட்டை மூடினாள்.

“என்னடி மூடுற? நாளைக்கு டீச்சர் கேட்டா என்ன சொல்லுவ?”

“டீச்சர் கேக்க மாட்டாங்கம்மா. இது வீட்டுப்பாடமே இல்ல, நானே எழுதின கணக்கு. எந்த எண்ணைப் போட்டாலும் வராதபடி பாத்துத்தான் எழுதினேன்.”