பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள்

திரையில் பன்னிரண்டு பேருக்கும் ஈரல் கெட்டுக்கொண்டிருந்தது. மருந்துக் கம்பெனியின் கண்காணிப்பாளர் லேப்டாப்பை நர்ஸ் பக்கம் திருப்பி வைத்தார்.

“பாருங்க சிஸ்டர். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆளு. எல்லாம் புது மருந்துச் சோதனைக்கு உங்க சென்டர்ல மாத்திரை வாங்குறவங்க.”

திரையின் அடியிலிருந்த குமிழை மவுஸால் மெல்ல இழுத்தார். மாதங்கள் நகர நகர, பன்னிரண்டு புள்ளிகளும் சொல்லிவைத்தாற்போல மேலே ஏறின. ஜூலையில் சிவப்புக் கட்டத்துக்குள் போய் நின்றன.

நர்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. ரத்தம் எடுத்த குழாய்களை மூடி லேபுக்கு அனுப்புவதோடு அவள் வேலை சரி. முடிவுகள் நேரே கம்பெனிக்குப் போய்விடும். இந்தப் படத்தை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

“பஸ்ஸே போகாத ஊர்லேர்ந்து பன்னண்டு பேரையும் மாசாமாசம் வரவழைச்சு, ஒரு குழாய்கூட விடாம அனுப்பினது நீங்க ஒருத்தர்தான். ஒரு மாசம் விட்டுப்போனாலும் சென்டரை மூடிடுவோம்னு நான்தான் எல்லாரையும் மிரட்டினேன். மத்த சென்டர்ல ஆயிரம் சாக்கு சொன்னாங்க.”

பாராட்டுகிறாரா, பழைய மிரட்டலுக்கு வருத்தப்படுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் டீயை வாய்வரை கொண்டுபோய், குமட்டிக்கொண்டு கீழே வைத்தாள்.

அவர் திரையில் ஆண்களின் புள்ளிகளை மட்டும் தட்டிப் பார்த்தார். பெண்களை மட்டும் தட்டினார். இருபது வயதுப் பையனும் எழுபது வயதுப் பெரியவரும் ஒரே கோட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

செல்போன் அடித்தது. தலைமை டாக்டர். ஸ்பீக்கரில் போட்டார்.

“யாருக்கு எந்த மாத்திரைன்னு சீல் வச்ச லிஸ்ட்டைப் பிரிச்சுட்டோம்பா. அந்தப் பன்னண்டுல ஆறு பேருக்குத்தான் மருந்து. மத்த ஆறு பேர் சாப்பிட்டது வெறும் மாவு மாத்திரை.”

கண்காணிப்பாளர் புள்ளிகளை மறுபடி எண்ணினார். மாவு மாத்திரை தின்று ஈரல் கெட்டதாக எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை.

“அப்ப மருந்து இல்ல. தண்ணியா? சாப்பாடா? எந்த எழவா வேணா இருக்கட்டும், முதல்ல ஆளுங்களைக் காப்பாத்தணும். அட்ரஸ் குடுங்க சிஸ்டர். வெளியில வேன் நிக்குது.”

“வேணாம் சார்.”

“வேணாமா?”

“அவங்க... நல்லாத்தான் இருக்காங்க சார்.”

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “படம் சிவப்பாக் கத்துது, நீங்க நல்லாருக்காங்கன்றீங்க! இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்க்கலேன்னா பொழைக்க மாட்டாங்க, தெரியுமா? பன்னண்டு குடும்பம்!”

அவள் எழுந்தாள். அறைக்கு ஒரே கதவு. அதை அடைத்துக்கொண்டு அவருடைய நாற்காலி கிடந்தது. அட்ரஸ் எழுதிய பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

“அதைக் குடுங்க. நானே வீடு வீடாப் போறேன்.”

“போகாதீங்க சார். உங்க கால்ல விழறேன்.”

“வேலை போயிடும்னு பயமா? உங்க மேல ஒரு தப்பும் சொல்ல மாட்டேன். நான் பொறுப்பு.”

அந்த வார்த்தைதான் அவளை உடைத்தது. சத்தமில்லாமல் அழுதாள். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி மூன்று வயிறுகள் இருந்தன. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இப்போது திரையில் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது.

“யாருக்கு ரொம்ப மோசமோ, அவங்க வீட்டுக்கு முதல்ல போவோம். சொல்லுங்க சிஸ்டர், யாரு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டை மேசையில் வைத்தாள்.

“வேன்ல ஒரு ஆளுக்கு இடம் இருந்தாப் போதும் சார். பன்னண்டு குழாய்லயும் இருந்தது என் ரத்தம்.”