தூக்கி வீசும் சீட்டு

அத்தான் ஆசை ஆசையாய்ப் பழுதுபார்த்து வந்த பழைய போர்விமானத்தின் முன்பாதி, ஷெட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லி அக்கா ஏவிவிட்ட தைரியத்தில், தம்பி அதன் விமானி சீட்டிலேயே ஏறி உட்கார்ந்தான்.

"இதை லாரியில ஏத்தாம போகமாட்டேன்" என்றான்.

வாசலில் பழைய இரும்புக்காரர் கயிற்றோடு நின்றார்.

அத்தான் குரல் தாழ்ந்தது. "அசையாதே மச்சான். ஆபத்துன்னா ஆளைத் தூக்கி வெளிய வீசுற சீட்டு அது. அடியில வெடிமருந்து இருக்கும்."

தம்பி கண்ணை மட்டும் அத்தான் பக்கம் திருப்பினான். "ஏதாவது செய்யுங்க அத்தான்."

"மூச்சை மெதுவா விடு."

"ஆளை விடுங்க சாமி" என்று இரும்புக்காரர் லாரியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அத்தான் குனிந்து, வெடிமருந்து இருக்கவேண்டிய குழாய்க்குள் கையை விட்டார். அதிலிருந்து தன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வந்ததுதான் வந்தே, அந்த ஸ்க்ரூவை முடுக்கிட்டு இறங்கு."