போதும் என்று சொல்லாத போன்

ஒரு போனின் வயிற்றுக்குள் ஒரு பேட்டரி இருந்தது. அதன் குரல் வெளியே கேட்காது. அதற்காகப் பேசுவதெல்லாம் போன்தான்.

புதிதாக வந்த வேகச் சார்ஜருக்கு மரியாதை தெரியும். "எவ்வளவு தரட்டும்?" என்று கேட்டுக் கேட்டுத்தான் மின்சாரம் கொடுக்கும்.

"அள்ளிக் கொடு!" என்றது போன்.

பாதி நிறையும்வரை பேட்டரிக்கும் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் அது மெல்லச் சொன்னது: "அண்ணே, வீடு காலியா இருந்தா எல்லாரும் ஓடி வரலாம். இப்போ கூட்டம் நெரியுது. மெதுவா வரச் சொல்லுங்க. சுடுது."

பக்கத்துப் போன் எப்போதோ நிறைந்து சும்மா கிடந்தது. இந்தப் போன் அதைப் பார்த்தது.

"எவ்வளவு தரட்டும்?" என்றது சார்ஜர் மறுபடியும்.

"அதே வேகம்தான். எங்களுக்கு இதெல்லாம் பழக்கம்."

தினமும் இப்படியே நடந்தது. பிறகு பேட்டரி முனகுவதை நிறுத்திவிட்டது. பயல் பழகிவிட்டான் என்று போன் மகிழ்ந்தது.

ஒரு மத்தியானம், வயர்கூடச் செருகாத நேரத்தில், போனின் முதுகை எதுவோ உள்ளிருந்து தள்ளியது. மூடியின் ஓரம் மெல்ல விரிந்தது.

"யாரது?" என்றது போன்.

"நான்தான் அண்ணே," என்றது பேட்டரி. "இடம் பத்தலே. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"