கண்மாயைத் தாண்டிக் கேட்கிற ஹாரன்

பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப்புக்கு லாரி ஹாரன் எதற்கென்று மெக்கானிக் திருப்பதிக்கு விளங்கவில்லை. கழுதைக்குக் கோயில் மணி கட்டுகிற கதை என்று கேலி பேசிக்கொண்டே இரட்டைக் குழலை மாட்டி முடுக்கினார்.

வண்டிக்காரர் கண்ணுசாமி சிரிக்கவில்லை. கண்மாயைத் தாண்டிக் கேட்குமா என்று மட்டும் கேட்டார்.

கட்டுமாவடியிலிருந்து புதுக்கோட்டைக்கு மீன் ஏற்றி வரும் வழியில் ஒரு கண்மாய். அதற்கு அந்தப் பக்கம்தான் அவர் மகள் செவந்தி வாழ்க்கைப்பட்ட வீடு.

பேரனுக்குக் காது குத்தின அன்று, பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமனை ஏற்றிப்போன இதே பிக்கப் பாதிவழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் தப்புகிறதென்று வேறொருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். ஊர் கூடின இடத்தில் அவமானம் என்று சம்பந்தி ஆத்மநாதன் உறவையே முறித்தார். இவர் அங்கே மிதிக்கக் கூடாது, அவள் இங்கே வரக் கூடாது.

உயிரோடு இருக்கிறவரை தினமும் ஹாரன் அடிப்பேன் என்று மகளுக்குச் சொல்லியனுப்பினார். வியாழனுக்கு வியாழன் அந்த ஊரில் மீன் விற்கப் போகிற சந்தனமேரிதான் தூது.

அடித்தார். காய்ச்சலிலும் தவறவில்லை. மகள் கேட்டிருப்பாள் என்ற நினைப்பே புதுக்கோட்டை வரைக்கும் போதுமானதாக இருந்தது.

நாற்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, கூடையை ஏற்றும்போது சந்தனமேரி சொன்னாள்.

“அண்ணே, இனிமே அடிக்காதீங்க. ஒங்கப்பன் எங்கள எளக்காரம் பண்றான்னு, சத்தம் கேக்குறப்பல்லாம் அந்தப் புள்ளயப் போட்டு அடிக்கிறாங்க.”

அன்றைக்கு ஒரு கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு கண்மாயைக் கடந்தார். அழுகை வந்தது. ஹாரனை நிறுத்தின விவரத்தை மகளிடம் வியாழக்கிழமை சொல்லிவிடுவதாகச் சந்தனமேரி ஏற்றிருந்தாள். ஆறு நாள்தானே.

புதன்கிழமை உச்சிவெயிலில் அவர் வீட்டுத் தெருமுனையில் ஒப்பாரி கேட்டது.

“என்னப் பெத்த அய்யா...”

செவந்தி தலைவிரிகோலமாக மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். எவ்வளவு பகையென்றாலும் சாவுக்குப் போகாதே என்று எந்த வீட்டிலும் சொல்ல முடியாது.

வாசலில் நின்ற அப்பனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. மறுநிமிடமே பயந்துபோய்த் திரும்பித் தெருவைப் பார்த்தாள்.

பின்னாலேயே மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. மடியில் மாலையும் கோடித்துணியுமாக ஆத்மநாதன் உட்கார்ந்திருந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வண்டி வந்து நிற்பதற்குள் எங்கே படுப்பது என்று கண்ணுசாமி இடம் தேடினார்.