அசையாத மின்விசிறி
தையலறையின் தகரக் கூரை அனலாகக் கொதிக்கிறது. ஆனாலும் நடுவில் தொங்கும் மின்விசிறி, இறக்கையெல்லாம் ஒட்டடையோடு சும்மா நிற்கிறது. அதற்கு நேர் கீழே, ஸ்வெட்டரைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறாள், அங்கே எல்லாரும் அக்கா என்றழைக்கும் மூத்த தையல்காரி. தைராய்டு வந்ததிலிருந்து அவளுக்குக் கோடையிலும் நடுக்கம். அவளுக்காக மற்றவர்கள் தெப்பமாக நனைந்தபடி வாய் திறக்காமல் தைக்கிறார்கள். மாத்திரையைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவந்தாள் என்று தெரிந்ததும், அப்படிச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது என்று டாக்டர் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அதன்பிறகு சில வாரங்களாக, விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரையும் தண்ணீரும்தான். காப்பி வெகுநேரம் கழித்து. இப்போது பிடரியில் ஏதோ ஊர்வதுபோல் இருக்க, தொட்டுப் பார்க்கிறாள். ஈரமான விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். “என்னம்மா, ஊசி ஏறிடுச்சா?” என்று கட்டிங் மாஸ்டர் பதறி எழுகிறார். “இல்ல மாஸ்டர், வேர்க்குது. எனக்கு வேர்க்குது!” தடதடத்த மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. அவள் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையால் விசிறியபடி எல்லாரையும் முறைக்கிறாள். “இந்தப் புழுக்கத்துல எப்படித்தான் உட்கார்ந்திருக்கீங்களோ! யாராவது அந்த ஃபேனைப் போட்டா என்ன?” அறையே சுவிட்சை நோக்கி முண்டியடித்து ஓடுகிறது.