துடைப்பம் தின்ற வரிகள்

வரிகளை எண்ணும் நிரல்களுக்கு வாசிக்கவும் தெரியும் என்று கற்றோரே நம்புகிறார்கள். இது கடும் பிழை; மேலும் பரவுமுன் திருத்துவது நம் கடமை. அவற்றுக்கு எண்ண மட்டுமே தெரியும்.

ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கணினிக்குள் அப்படி ஓர் எண்ணி இருந்தது. மொத்த நிரல் வரிகள் நேற்றைவிடக் கூடியிருந்தால் பச்சை விளக்கை ஏற்றும், குறைந்திருந்தால் சிவப்பு. பச்சை எரிந்தால்தான் பைப்லைன் என்ற அஞ்சல்கார நிரல் மென்பொருளை வாடிக்கையாளருக்கு அனுப்பும்.

ஒருநாள் சிவப்பு எரிந்தது.

"எவன்டா வரியைத் திருடினது?" என்றது எண்ணி.

"நான்தான் அண்ணே," என்றது துடைப்பம் என்ற இன்னொரு நிரல். ஒரே நிரல் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றைப் பெருக்கித் தள்ளுவது அதன் வேலை. "ஒரே கணக்கை நாற்பது இடத்துல எழுதி வச்சிருந்தாங்க. ஒண்ணை விட்டுட்டு மிச்சத்தை எடுத்துட்டேன். இப்போ எப்படிப் பறக்குது பாருங்க!"

"பறக்கிறது என் இலாகா இல்ல. பைப்லைன், இவனை அழிச்சிடு."

பைப்லைன் தயங்கியது. "அழிக்கலாம் அண்ணே. ஆனா இவன் போனா வரி இன்னும் குறையுமே?"

எண்ணி வெகுநேரம் யோசித்தது. கடைசியில், துடைப்பம் தின்ற வரிகளைத் துடைப்பமே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. பச்சை எரியும்வரை பைப்லைன் அதைப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தது. உயிர் பிழைத்த துடைப்பம் இருவருக்கும் பெரிய கும்பிடாகப் போட்டது.

மறுநாள் காலை துடைப்பங்கள் எல்லாம் வேலைக்கு வந்து ஒன்றையொன்று பார்த்தன.

மாலையில் சிவப்பு எரிந்தது.